ஒரு நீள்சதுரத்தின் விலை

நூலும் கொக்கியூசியும் கொண்டு பின்னப்படும் பொருள்களுள் மிகவும் எளியது நீள்சதுரம். அதிலே பூவேலை இல்லை; வளைவு இல்லை; வண்ணம் மாற்றும் நுட்பமும் இல்லை. சங்கிலிக் கண்ணி, குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்னும் மூன்று அடிப்படைக் கண்ணிகளை அறிந்த எவரும் அதனைப் பின்னிவிடலாம். கோப்பையின் கீழ் வைக்கும் சிறு விரிப்பு, பாத்திரம் துடைக்கும் துண்டு, மேசைவிரிப்பு, கழுத்துச் சால்வை, பச்சைக் குழந்தையின் போர்வை ஆகிய அனைத்தும் அளவில் வேறுபட்ட நீள்சதுரங்களே. இரண்டாக மடித்து ஓரங்களை இணைத்தால் அதுவே பையாகும், தலையணை உறையாகும். குரோசே எனப் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த பெயரால் வழங்கும் இக்கைப்பணியைக் கற்கும் சிறுமி முதலிற் பின்னுவது இதுவே. கண் மங்கிய முதியவள் இறுதிவரை பின்னக்கூடியதும் இதுவே.

இத்தகைய பொருளுக்கு மதிப்பு உண்டா? உண்டெனின், அம்மதிப்பு எங்கிருந்து பிறக்கின்றது? அழகிலிருந்தா, அருமையிலிருந்தா, அதனுட் செலவான உழைப்பிலிருந்தா? இவ்வினாவையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். நாட்டிலே பெரும் பிரச்சினைகள் மலிந்து கிடக்கப் பின்னல் துண்டைப் பற்றியா பேச்சு என்று நண்பர் சிலர் நகைக்கலாம். ஆயின் அநீதி எப்பொழுதும் பெரிய உருவத்தோடு வருவதில்லை. யாரும் வினவத் தகுந்ததெனக் கருதாத சிறு பொருளிலேதான் ஒரு சமுதாயத்தின் மதிப்பீடுகள் மறைப்பின்றிக் கிடக்கின்றன. ஓவியனின் உழைப்பைப் பற்றி வினவினால் ‘மேதைமை’ என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். பொறியியலாளரின் உழைப்பைப் பற்றி வினவினால் ‘கல்வித் தகைமை’ என்ற சொல் குறுக்கே வரும். நீள்சதுரத்துக்கு இத்தகைய கவசம் எதுவும் இல்லை. அங்கே உழைப்பு வெறும் உழைப்பாகவே நிற்கின்றது.

முதலில் அது உருவாகும் விதத்தைக் காண்போம். கொக்கியில் நூலை மாட்டி, ஒரு கண்ணியினூடாக மற்றொரு கண்ணியை இழுத்துச் சங்கிலி போடுகின்றோம். அதுவே அடித்தளம். பின்னர் திரும்பி, சங்கிலியின் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கண்ணியாக முதல் வரிசையைப் பின்னுகின்றோம். வரிசை முடிந்ததும் உயரத்துக்கு வேண்டிய சங்கிலியை இட்டு மறுபடியும் திரும்புகின்றோம். இதிலே கடினம் ஒன்றே ஒன்று: எண்ணிக்கை. 40 கண்ணி அகலத்திற் தொடங்கியவள் ஒவ்வொரு வரிசையையும் 40 கண்ணியிலேயே முடித்தல் வேண்டும். வரிசையின் கடைசிக் கண்ணி திருப்பத்திலே ஒளிந்து நிற்கும். அதனைத் தவறவிட்டால் அடுத்த வரிசையில் 39, அதற்கடுத்ததில் 38 எனக் குறைந்து, நீள்சதுரம் சரிவகமாகிவிடும். தவறு கண்டவிடத்து நூலை இழுத்துப் பிரித்து, மீண்டும் பின்னலாம். நூல் சிறிதும் வீணாவதில்லை; போவது நேரம் ஒன்றே. இந்த உண்மையை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம். பிரித்த நூல் மீண்டும் உருண்டையாகும். அதனைப் பின்னிய மாலைப்பொழுது மீளாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கண்ணி அகலமும் 50 வரிசை உயரமும் உள்ள துண்டொன்றில் 2,000 கண்ணிகள் இருக்கும். பழகிய கை ஒரு கண்ணிக்கு 3 விநாடி எடுக்கின்றது என வைத்துக்கொண்டால் மொத்தம் 6,000 விநாடி. அதாவது 100 நிமிடம். இது கையோயாமல், இடையிலே அடுப்பைப் பார்க்க எழாமல், அழும் பிள்ளையைத் தூக்காமல் பின்னினால் ஆகும் நேரம். பாத்திரம் துடைக்கும் ஒரு துண்டின் கணக்கு இது. குழந்தைப் போர்வையொன்றின் கணக்கை மாணவர்கள் தாமே போட்டுக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே, வேலணைத் தீவின் சரவணை போன்ற ஓர் ஊரிலிருந்து நோக்கும்போது நீள்சதுரம் புதுமையானதன்று. பனங்குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, மேலொன்று கீழொன்றாகக் கோத்து இழைக்கும் பாய் நீள்சதுரமே. ஒருவர் அமரும் தடுக்கும், நெற்களத்தில் விரிக்கும் களப்பாயும் அதன் உறவினங்களே. கரையிலே காயும் வலையும் அவ்வாறே. வலையின் துளையைக் கண் என்றும் கண்ணி என்றும் சொல்கின்றோம். ஆலைகளிலிருந்து நைலோன் வலை வருமுன் அக்கண்கள் ஒவ்வொன்றையும் மனிதர் கையே முடிந்தது. பாயும் வலையும் ஊரின் பழைய நீள்சதுரங்கள் என்றால், கொக்கியூசிப் பின்னல் பிந்தி வந்த நீள்சதுரம். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் நிறுவிய பெண்கள் பாடசாலை முதலாக, இங்கு பெண்கல்வி எழுத்தோடு ஊசியையும் கூட்டிக்கொண்டே நடந்தது. காலப்போக்கிற் பின்னல் வேலை மிஷன் வளவைத் தாண்டி, எல்லாச் சமயத்தார் வீடுகளிலும் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

பாடசாலைகளில் மாணவரின் விவரங்களை எழுதும் படிவங்களிலே ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதனுள் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லே மிகப் பல பிள்ளைகளுக்கு எழுதப்படுகின்றது. பிள்ளையை வினவினால், “அம்மா சும்மா வீட்டில் இருக்கிறா” என்று விடை வரும். மேலும் இரண்டு கேள்வி கேட்டால், அந்த அம்மா விடியலில் எழுந்து கிணற்றில் நீர் அள்ளுகின்றாள், கோழி வளர்க்கின்றாள், பெட்டி இழைக்கின்றாள், மாலையில் அயலவர் கேட்ட விரிப்பைப் பின்னுகின்றாள் என்பன ஒவ்வொன்றாக வெளிப்படும். பின்னியதற்கு என்ன வாங்குவாள் என்று கேட்டால், “சும்மா இருக்கிற நேரத்திலைதானே பின்னுறவ, அதுக்கு என்ன கணக்கு?” என்பான் பையன். அவன் பொய் சொல்லவில்லை. வீட்டிலே கேட்டதைச் சொல்கின்றான்.

‘சும்மா’ என்னும் இச்சொல் நம் மொழியில் விநோதமான வரலாறு உடையது. ஞானியர் மரபிலே சும்மா இருத்தல் என்பது சாதனையின் உச்சநிலை. சொல்லும் செயலும் அற்ற பேரமைதி. அதே சொல் ஓர் ஏழைப் பெண்ணின் மேல் ஏறும்போது, அவள் செய்த வேலை எல்லாம் செய்யாத வேலையாகிவிடுகின்றது. ஞானிக்குச் சும்மா இருத்தல் பெரும் பேறு. பெண்ணோ ஓயாது உழைத்தும் ‘சும்மா இருப்பவள்’ எனப் பெயர் பெறுகின்றாள். சொற்களை ஆராய்வது தமிழ் கற்றோரின் தொழிலாயின், இச்சொல்லையும் நாம் ஆராயத்தான் வேண்டும்.

இனி, முதலிற் கேட்ட வினாவுக்குத் திரும்புவோம். நீள்சதுரத்தின் மதிப்பு எங்கிருந்து வருகின்றது? ஒரு சாரார் ‘அழகிலிருந்து’ என்று விடை பகர்வர். கைப்பணியின் பெருமையைப் பேசிய அறிஞருள் நமக்கு நெருக்கமானவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877இற் கொழும்பிற் பிறந்த அவர், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இயந்திர யுகம் கைவினைஞனின் ஆற்றலை நசுக்கிவிட்டது என்பது அவர் உள்ளத்தை வருத்திய கவலை. அவருக்கு ஊக்கமளித்தவர் ஆங்கிலக் கவிஞரும் சோசலிசவாதியுமான வில்லியம் மொறிஸ். மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியிலேயே குமாரசுவாமியின் நூலும் அச்சாயிற்று.

இப்பெரியோர்பால் நமக்கு மதிப்பு உண்டு. உழைப்பிலே மகிழ்ச்சி இருத்தல் வேண்டும், செய்பவனின் மனம் செய்யும் பொருளிலே படிதல் வேண்டும் என்று அவர்கள் கூறியது உண்மை. ஆயினும் அவர்கள் வழியிலே ஓர் இடர் உண்டு. அழகான கைப்பொருள் ஆக்க நெடுநேரம் ஆகும். நெடுநேரம் ஆனதை விலைகொடுத்து வாங்கச் செல்வரால் மட்டுமே இயலும். தம் நிறுவனத்தின் அழகிய பொருள்கள் செல்வர் மாளிகைகளையே சென்றடைந்தமை மொறிஸையே கசப்படையச் செய்தது. அன்றியும், மதிப்பு அழகிலிருந்துதான் வருமென்றால் அழகற்ற, சாதாரணமான, பூவேலை இல்லாத நீள்சதுரத்தின் கதி என்ன? அது கலை அன்று. ஆகவே மதிப்பும் அற்றது என்று சொல்லவேண்டி வரும். பாத்திரம் துடைக்கும் துண்டைப் பின்னிய 100 நிமிடமும், சரிகைப் பூவைப் பின்னிய 100 நிமிடமும் ஒரு மனித உயிரின் 100 நிமிடங்களே அன்றோ? அழகைக் கொண்டு உழைப்பை அளப்போர், கலைஞரைக் காப்பாற்றிவிட்டுத் தொழிலாளரைக் கைவிட்டுவிடுகின்றனர்.

மற்றொரு சாரார் ‘சந்தையே தீர்மானிக்கும்’ என்பர். எல்லோராலும் செய்யக்கூடிய வேலைக்கு விலை குறைவு, சிலரால் மட்டும் செய்யக்கூடிய வேலைக்கு விலை அதிகம், இது இயற்கை நியதி என்பது அவர்கள் வாதம். இதற்கு மறுமொழி காண, மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதலாம் தொகுதியின் முதல் அத்தியாயத்தை நினைவுகூர்தல் நன்று. அங்கே அவர் 20 யார் லினன் துணியையும் ஒரு மேற்சட்டையையும் எடுத்துக்கொண்டு, வேறுபட்ட இவ்விரண்டும் சந்தையில் எங்ஙனம் சமமாகின்றன என்று வினவுகின்றார். இரண்டிலும் பொதுவாக உறைந்திருப்பது மனித உழைப்பு என்பதே அவர் காணும் விடை. அந்த உழைப்பின் அளவு, ஒரு தனி மனிதன் எடுத்த நேரமன்று. அக்காலத்துச் சமுதாயத்தில் அப்பொருளை ஆக்கச் சராசரியாக வேண்டிய நேரம். இங்கிலாந்திலே விசைத்தறி வந்ததும் துணி நெய்ய வேண்டிய நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கைத்தறிக்காரன் முன்போலவே உழைத்தும், அவனது ஒரு மணிநேரத்துக்கு அரை மணிநேரத்தின் மதிப்பே கிடைத்தது. இவ்வுதாரணத்தை மார்க்ஸே தருகின்றார்.

பனையோலைப் பாயின் வீழ்ச்சியை இவ்விதி விளக்கும். ஆலையிலே நொடிப்பொழுதில் உருவாகும் பிளாஸ்டிக் பாய் சந்தைக்கு வந்தபோது, ஓலைப்பாயில் உறைந்த நாட்கணக்கான உழைப்பு மதிப்பிழந்தது. அது கொடிது, ஆனால் அதற்குக் காரணம் புலப்படுகின்றது. கொக்கியூசிப் பின்னலின் நிலை அவ்வாறன்று. இரண்டு ஊசி கொண்டு பின்னும் கம்பளிப் பின்னலுக்கு 1589ஆம் ஆண்டிலேயே வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் பொறி கண்டுவிட்டார். இன்று நாம் அணியும் பனியனும் காலுறையும் அப்பொறியின் வழித்தோன்றல்களே. ஆனால் குரோசே கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனியே முடிந்து, வெவ்வேறு இடங்களிற் கொக்கி நுழைந்து உருவாவது. ‘குரோசே இயந்திரம்’ என ஆலைகளிற் பெயர் பெற்றவை உண்மையில் வேறு வகைப் பின்னலையே ஆக்குகின்றன. கையாற் பின்னுவதை அப்படியே செய்யும் பொறி ஆய்வுகூடங்களில் முயலப்பட்டதேயன்றி, சந்தையை நிரப்பும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடையிலே மலிவாகத் தொங்கும் உண்மையான குரோசேப் பை ஒவ்வொன்றையும் எங்கோ ஓரிடத்தில் ஒரு மனிதக் கை பின்னியிருக்கின்றது. அதற்கு வேண்டிய நேரத்தை எந்தப் பொறியும் குறைத்துவிடவில்லை. பொறி போட்டியிடாத வேலை விலையுயர்ந்ததாக அல்லவா இருத்தல் வேண்டும்? அப்படியிருந்தும் அது மலிவாயிருக்கின்றதெனில், குறைந்தது உழைப்பின் நேரமன்று; உழைத்தவளின் நேரத்துக்கு இடப்பட்ட மதிப்பு. அவள் ‘சும்மா இருக்கிற நேரத்தில்’ பின்னுகின்றாள். ஆகவே அந்த நேரத்துக்கு விலை பூச்சியம். ஆகவே நூலின் விலைக்கு மேல் சில்லறை கொடுத்தாற் போதும். சந்தையின் நியதி என்று சொல்லப்படுவதன் அடியிலே இருப்பது ‘சும்மா’ என்ற ஒற்றைச் சொல்.

வரலாறு இதனை மீண்டும் மீண்டும் காட்டுகின்றது. 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து, பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அக்காலத்திலே கன்னியர் மடங்களும் செல்வந்தப் பெண்மணிகளும் ஏழைப் பெண்களுக்குக் குரோசே கற்பித்தனர். விலையுயர்ந்த வெனிஸ் நகரத்துச் சரிகையைப் போலத் தோன்றும் பின்னலை அவர்கள் குடிசைகளிலிருந்து செய்து கொடுக்க, அது சீமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்தது. கொக்கியூசி பல குடும்பங்களைச் சாவிலிருந்து காத்ததென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிலத்தை உடையவன் யார், தானியத்தை ஏற்றுமதி செய்தவன் யார் என்ற கேள்விகளை அப்பின்னல் தொடவில்லை.

தமிழகத்துக்கு வருவோம். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அறியாத தமிழ் மாணவர் இல்லை. அவர் வாழ்ந்த இடையன்குடியிலே, அவருடைய மனைவி எலைசா அவ்வூர்ப் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார் என்பதை அறிந்தோர் எத்துணைப் பேர்? எலைசாவின் தாய் மார்த்தா மோல்ட் 1820களிலேயே நாகர்கோவிலில் இத்தொழிலைத் தொடங்கிவிட்டார். அது கொக்கியூசியால் அன்றி, திண்டின் மேல் நூற்கட்டைகளை மாற்றிப் போட்டுச் செய்யும் சரிகை. எனினும் அதுவும் கையும் நேரமும் மட்டுமே மூலதனமாகக் கொண்ட வேலை. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இலேதான். அதற்கு முன்னரே அடிமைப் பெண்கள் சிலர் சரிகை பின்னிப் பெற்ற கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. தோளை மறைக்கச் சீலை அணியும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட பெண்கள் போராடிய அதே மண்ணிலே, அதே காலத்திலே இது நிகழ்ந்தது. நூலுக்குக் கூலி கணக்கிடப்பட்டபோது அது விடுதலையின் கருவியாயிற்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கூலி கணக்கிடப்படாதபோது யாது நிகழும் என்பதற்கு ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாப்பூர் சான்று. அங்கும் மிஷனரிமாரே குரோசேயைக் கற்பித்தனர். காலப்போக்கில் அது கடல்கடந்து செல்லும் பெரும் வாணிபமாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு ஆராய்ந்து 1982இல் நூலாக வெளியிட்ட செய்தி இதுவே: வீட்டு வேலைகளோடு நாள்தோறும் பல மணிநேரம் பின்னும் பெண்களைத் தொழிலாளர் என யாரும் கருதவில்லை. அவர்கள் ‘ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கும் இல்லத்தரசிகள்’ எனப்பட்டனர். ஒருத்தி ஒரு பகுதியையே பின்னுவாள், மற்றொருத்தி இணைப்பாள், முழுப் பொருளையும் அதன் விலையையும் வணிகன் மட்டுமே அறிவான். வாணிபம் வளர வளர ஆண்கள் சிலர் செல்வரானார்கள், பின்னியவர்கள் பின்னிக்கொண்டேயிருந்தார்கள். 2024இல் நரசாப்பூர்க் குரோசேக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தமை நன்றே. ஆனால் பெயர் பின்னுவதில்லை, கைதான் பின்னுகின்றது. அந்தக் கையின் நேரத்துக்குப் பாதுகாப்பு எங்கே?

இவ்விடத்தில் நேர்மையான ஒரு மறுப்பை நாம் எதிர்கொள்ளல் வேண்டும். “பின்னுவது இன்பமான செயல். மனத்துக்கு அமைதி தருவது. மகிழ்ந்து செய்வதற்குக் கூலி கேட்பது அதனைக் கொச்சைப்படுத்துவதாகாதா? பேரப்பிள்ளைக்குப் போர்வை பின்னும் கிழவியிடம் மணிக்கணக்குக் கேட்பீரா?” என்பர் சிலர். இம்மறுப்பிலே பாதி உண்மை உண்டு. எல்லாவற்றையும் பணத்தால் அளக்கும் உலகத்தை நாமும் விரும்பவில்லை. கிழவியின் போர்வை விலைக்கு அப்பாற்பட்டது. அதற்குக் கூலி கொடுக்க முனைவது அவமதிப்பாகும். ஆயின் அந்தப் போர்வைக்கும், வணிகன் பை நிறைய வாங்கிச் செல்லும் விரிப்புகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மறைத்தலாகாது. முன்னது கொடுத்தது, பின்னது பறிகொடுத்தது. மறுக்கும் உரிமை உடையவன் தருவதே கொடை. வேறு வழியின்றி மலிவாகத் தருவதைக் கொடை என்று அழைத்தல் தருபவளையும் இழிவு செய்யும். கொடை என்னும் சொல்லையும் இழிவு செய்யும்.

மேலும், இன்பமாகச் செய்வதற்குக் கூலி வேண்டா என்பது பொது விதியாயின், அதனை ஏன் எல்லோருக்கும் விதிக்கவில்லை? நோயாளியைக் குணப்படுத்துவதில் மகிழும் வைத்தியரின் சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை. வகுப்பிலே பாடம் சொல்வதில் நாம் அடையும் மகிழ்ச்சிக்காக நம் வேதனத்தில் யாரும் கழித்துக்கொள்வதில்லை. திண்ணையிற் பின்னும் பெண்ணின் மகிழ்ச்சி மட்டும் ஏன் அவள் கூலியிலிருந்து கழிக்கப்படுகின்றது?

இரண்டாவது மறுப்பு நம் அணியினரிடமிருந்தே வருவது. “கைப்பின்னல் பிற்போக்கானது. பெண்ணை வீட்டு மூலையிற் கட்டிப்போட்ட கயிறு அது. விஞ்ஞான யுகத்திலே பெண்ணுக்கு வேண்டியது கொக்கியூசி அன்று, கல்வியும் தொழிற்சாலையும் அலுவலகமும்” என்று அவர்கள் வாதிப்பர். பெண்ணை மூலையில் இருத்தக்கூடாது என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஆயின் மூலையில் இருத்தியது ஊசியா, இருத்தியவர்களா? மூலையில் இருந்தவள் செய்த வேலையை இகழ்வதால் அவள் விடுதலை அடைவாளா? அந்த இகழ்ச்சியும் ‘சும்மா’ என்ற சொல்லின் மற்றொரு வடிவமே. வணிகன் ‘அது வேலையே அன்று’ என்கின்றான், மலிவாக வாங்குவதற்காக. நம் நண்பரும் ‘அது வேலையே அன்று’ என்கின்றார், முற்போக்கின் பெயரால். இருவரும் வேறு நோக்கத்தோடு ஒரே தீர்ப்பை எழுதுகின்றனர்.

எளிமையைப் பற்றியும் நாம் மாறாக எண்ணிப் பார்க்கலாம். மூன்று கண்ணிகளால் ஆகும் நீள்சதுரத்தை ஆணும் பெண்ணும், சிறியவரும் முதியவரும், எந்தச் சாதியினரும் கற்கலாம். அதற்குக் குலவித்தை வேண்டியதில்லை. குருவின் இரகசியம் வேண்டியதில்லை. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நம் சமுதாயத்திலே தொழில்கள் பிறப்பினாற் பூட்டப்பட்டிருந்தன. ஓலை வார்ந்த கை இன்னது, மரம் ஏறிய கால் இன்னது, வலை இழுத்த தோள் இன்னது என்று முத்திரை குத்தப்பட்டது. மிஷன் மண்டபத்திற் பின்னிய விரிப்பு ‘கலை’ என்று பாராட்டப்பட்டபோது, ஏழையின் முற்றத்தில் இழைத்த கடகம் ‘கூலிவேலை’ என்று ஒதுக்கப்பட்டது. இரண்டும் கண்ணும் கையும் எண்ணிக்கையும் சேர்ந்த வேலைகளே. எல்லோருக்கும் இயலும் என்பது ஒரு வேலையின் இழிவு அன்று. அதுவே அதன் சனநாயகம்.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது. நீள்சதுரத்தின் மதிப்பு அதன் அழகிலும் இல்லை, அருமையிலும் இல்லை. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் மீளாத ஒரு பகுதியை அதிலே இட்டிருக்கின்றார் என்பதிலே இருக்கின்றது. வாழ்நாள் எல்லோருக்கும் அளவுடையது. ஒருவரின் மணிநேரம் பொன், மற்றவரின் மணிநேரம் ‘சும்மா’ என்று வகுக்க எவருக்கும் உரிமை இல்லை.

முடிவு கண்டபின் செய்வது யாது? உபதேசத்தால் விலை உயராது, ஒன்றுபடுதலால் உயரும். இதற்கும் நம் மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. சாதியின் பெயரால் மிகவும் இழிவுபடுத்தப்பட்ட தொழில்களுள் ஒன்று சீவல் தொழில். தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலே அகப்பட்டிருந்த அத்தொழிலாளர், 1970களில் உருவான பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் தம் கள்ளுக்குத் தாமே விலை காணும் நிலையை நோக்கி நகர்ந்தனர். இந்தியாவிலே, 1972இல் அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கத்தைப் பதிவுசெய்யச் சென்றபோது, முதலாளி இல்லாத இவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் தயங்கினர். இன்று அச்சங்கம் பல இலட்சம் பெண்களைக் கொண்டது. 1996இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் வீட்டிலிருந்து வேலை செய்வோர்க்கென 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றி, ஏனைய தொழிலாளருக்குச் சமமாக அவர்களும் நடத்தப்படல் வேண்டும் என்றது. அதனை உறுதிசெய்த நாடுகள் மிகச் சிலவே.

1990க்குப் பின் இடப்பெயர்வால் வெறிச்சோடிக் கிடந்த தீவகத்துக்கு மக்கள் மீண்டு வந்தபோதும், 2009இற் போர் முடிந்தபோதும், வடக்கெங்கும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகியிருந்தன. அவர்களுக்குத் தையலும் கைப்பணியும் கற்பித்து, ‘சுயதொழில்’ என்று பெயரிட்டுக் கையிலே கடனையும் கொடுப்பது வழக்கமாயிற்று. நுண்கடனின் சுமை தாங்காது பெண்கள் தவித்தமையால் 2018இல் அரசாங்கமே வரட்சி மாவட்டங்களிற் சிறுகடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. பின்னக் கற்பித்தவர்கள் பலர். பின்னியதன் விலையைக் கணக்கிடக் கற்பித்தவர்கள் சிலர். ஊசியைக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கொடாமல் விடுவது பாதிக் கல்வி. அந்தப் பாதியால் வாழ்பவன் இடைத்தரகன்.

மற்றப் பாதியைக் கொடுப்பது ஆசிரியராகிய நம் கடன். மனையியல் வகுப்பிலே பின்னலைக் கற்பிக்கும்போது அதே துண்டைக் கணித வகுப்புக்கும் எடுத்துச் செல்லலாம். கண்ணிகளை எண்ணுக, நேரத்தை அளக்குக, நூலின் விலையைக் கூட்டுக, ஒரு மணிநேரத்துக்கு நாட்டிலே குறைந்தபட்சக் கூலி யாதென்று தேடுக, பின்னர் அத்துண்டின் நியாயமான விலையை எழுதுக. இப்பாடத்தைப் பையன்களும் செய்தல் வேண்டும், பின்னவும் வேண்டும். 40 கண்ணியை 50 வரிசைக்குத் தவறாது கொண்டுசென்ற பையன், தன் தாய் சும்மா இருக்கிறா என்று சொல்லுமுன் சற்றுத் தயங்குவான். சமூகவியல் வகுப்பிலே உடுவிலையும் இடையன்குடியையும் நரசாப்பூரையும் ஒருங்கே வைத்துப் பேசலாம். மேல்வகுப்பினரோடு, மதிப்பு என்பது யாது என்ற வினாவையும் எழுப்பலாம்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தையிலோ திருவிழாக் கடையிலோ கைப்பின்னல் ஒன்றை எடுத்துப் பேரம் பேசுமுன், இதற்கு எத்தனை நாள் சென்றது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பின்னியவரே என்றால் விடை சொல்வார். இடைத்தரகர் என்றால் அவருக்கு அது தெரிந்திராது. அந்த வேறுபாட்டிலிருந்தே உங்கள் விசாரணையைத் தொடங்கலாம். ஊரிலே பின்னுவோரையும் ஓலை இழைப்போரையும் ஒன்றுகூட்டி, இன்ன பொருளுக்கு இன்ன விலைக்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று தமக்குள் தீர்மானிக்க உதவினால், அது சிறு தொடக்கமாயினும் மெய்யான தொடக்கமாகும்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் படிவங்கள் வரும். ‘தாயின் தொழில்’ என்னும் கட்டமும் அதிலே இருக்கும். பிள்ளையிடம் கேட்டு, அந்தப் பெண் உண்மையிற் செய்யும் வேலையின் பெயரை அதனுள் எழுதுவோம்.